பழைய கார் எந்த மாதம் தயாரானது? ஆர்.சி., சேசிஸ் எண், பாகங்கள், ஆவணச் சான்று: எதை எவ்வளவு நம்பலாம்

ஓர் ஆஸ்டின் ஏ40 டெவன் விலைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "நாற்பத்தேழு மாடல் சார்" என்கிறார் புரோக்கர். டைனமோவில் 1950 என்று அடித்திருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் 1952. பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். ஆனால் மூன்றுமே உண்மையாக இருக்கலாம். டெவன் மாடல் பிரிட்டனில் வெளிவந்தது 1947-இல். டைனமோ செய்தது 1950-இல். சென்னையில் பதிவானது 1952-இல். இந்த ஒரு வண்டி எந்த மாதம் பாகங்கள் பூட்டி முடிக்கப்பட்டது என்ற கேள்விக்கு மட்டும் மூன்றிலுமே நேரடி விடை கிடையாது.

அந்த விடையைத் தேட நான்கு வழிகள் இருக்கின்றன. ஆர்.சி. புத்தகம் ஒன்று. தொழிற்சாலையின் உற்பத்தி எண் பட்டியலை வைத்துப் போடும் கணக்கு ஒன்று. பாகங்களில் அடித்திருக்கும் தேதிகளைப் படிப்பது மூன்றாவது. கம்பெனி ஆவணத்திலிருந்து சான்று வாங்குவது நான்காவது. வண்டி வாங்கியவர்கள் பெரும்பாலும் நேராக எண் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். நான் அப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன். அதுவும் எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கம் இருக்கும் வண்டிகளுக்கு முதலில் பாகங்கள், அப்புறம்தான் எண்.

அதற்கு முன், தேதி எதற்கு வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். விண்டேஜ் பதிவுக்காக என்றால் இந்த ஆராய்ச்சியே தேவையில்லை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தம், முதல் பதிவுத் தேதியிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டியைத்தான் விண்டேஜ் என்கிறது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், எண்ணுக்கு நடுவே 'வி.ஏ.' என்ற எழுத்துகள், பத்து வருஷச் செல்லுபடி. வண்டி ஆஸ்டினின் லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் எந்த மாதம் இறங்கியது என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. ஆர்.சி.யில் முதல் பதிவுத் தேதி தெளிவாக இருந்தால் போதும்.

வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம் என்றால் கதை வேறு. மாடல் பெயர் மாறாமலே உள்ளே எத்தனையோ மாறும். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பின்கண்ணாடி 1953 மார்ச் வரை நடுவில் கம்பி வைத்த இரட்டைக் கண்ணாடி. அதன் பிறகு ஒற்றை ஓவல். ஆகவே '53 மாடல் பீட்டில்' என்று மட்டும் தெரிந்தால் எந்தக் கண்ணாடி சரி என்று சொல்ல முடியாது. மாதம் தெரிய வேண்டும். தவறான பாகத்துக்குக் காசு போட்டுவிட்டால் அதைத் திரும்ப விற்பது லேசில்லை.

ஆர்.சி. சொல்வது மேல் எல்லை மட்டும்

ஆர்.சி.யிலிருந்து உறுதியாகக் கிடைப்பது ஒன்றே ஒன்று: முதல் பதிவுக்குப் பிறகு அந்த வண்டி தயாராகியிருக்க முடியாது. அதற்கு எவ்வளவு முன்னால் என்பதை அது சொல்லாது. ஷோரூமில் ஆறு மாதம் நின்றிருக்கலாம், வெளிநாட்டில் இரண்டு வருஷம் ஓடிவிட்டு வந்திருக்கலாம். 'தயாரிப்பு ஆண்டு' என்ற கட்டத்தில் பதிவு ஆண்டையே எழுதிவிட்டுப் போன புத்தகங்களும் உண்டு. டூப்ளிகேட் புத்தகமாக இருந்தால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

நம்பர் பிளேட்டும் கொஞ்சம் பேசும். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கினால் அது பழைய மதராஸ் வரிசை. இப்போதைய இரண்டெழுத்து, இரண்டு எண் முறை 1989 ஜூலையில் புதிய மோட்டார் வாகனச் சட்டத்தோடு வந்தது. 1950-களின் கார் ஒன்று தண்டையார்பேட்டையின் டி.என். 03 எண்ணோடு நின்றால், வேறு மாநிலத்திலிருந்து வந்து இங்கே எண் வாங்கியதா என்று கேட்டே ஆக வேண்டும். அப்படியானால் முதல் ஆர்.சி.யின் நகல் இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் இருக்கும் தேதிதான் உங்களுக்குப் பயன்படும்.

எண் கணக்கு: ஆசை காட்டும் வழி

இனி எல்லோரும் விரும்பும் வழிக்கு வருவோம். பெரும்பாலான பழைய மாடல்களுக்கு, எந்த ஆண்டு எந்த சேசிஸ் எண்ணில் தொடங்கியது என்ற பட்டியல் கிடைக்கும். ஒரு மாதிரிக்காகக் கற்பனை எண்களை எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் 12,001-இல் தொடங்குகிறது, அடுத்த ஜனவரியில் 18,001-இல் தொடங்குகிறது. உங்கள் வண்டி 15,601. ஆண்டின் 6,000 வண்டிகளில் 3,600 அதற்கு முன்பே இறங்கிவிட்டன. அறுபது சதவீதம். 365 நாளில் அறுபது சதவீதம் 219 நாள். ஆகஸ்ட் 7 வாக்கில் தயாரானது என்று கணக்கு சொல்லும்.

காகிதத்தில் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு, ஆண்டு முழுக்க ஒரே வேகத்தில் வண்டி இறங்கியதாக எடுத்துக்கொள்கிறது. முதல் பாதியில் 4,000, இரண்டாம் பாதியில் 2,000 இறங்கியிருந்தால் அதே 15,601 ஜூன் நடுவில் வந்துவிடும். வேகத்தைத் தலைகீழாக்கினால் செப்டம்பர் நடுவுக்குப் போய்விடும். ஒரே எண், ஒரே பட்டியல், மூன்று மாத வித்தியாசம்.

வேகம் அவ்வளவு மாறுமா என்று கேட்கலாம். மாறியிருக்கிறது. கொரியப் போரையொட்டி ஆயுத உற்பத்திக்கு எஃகு திருப்பப்பட்டபோது பிரிட்டனின் கார் தொழிற்சாலைகளுக்கு எஃகு வெட்டு விழுந்தது. 1950-இல் அந்த நாட்டில் ஏறத்தாழ 5.2 லட்சம் கார்கள் தயாராயின. 1952-இல் அது ஏறத்தாழ 4.5 லட்சமாக இறங்கி, 1953-இல் 5.9 லட்சத்தை எட்டியது. அதே வருஷங்களில்தான் நம் ஊருக்கு வந்த ஆஸ்டின், மோரிஸ் வண்டிகளில் நிறைய தயாராயின. கோடை விடுமுறைக்கு ஆலை இரண்டு வாரம் மூடுவதைச் சிலர் விடாமல் கணக்கில் கழிப்பார்கள். அதனால் மாறுவது சில நாள்கள்தான். வேலைநிறுத்தமும் எஃகுத் தட்டுப்பாடும் மாதக் கணக்கில் ஆட்டிவிடும்.

அடுத்த சிக்கல், 'ஆண்டு' என்று பட்டியல் எதைச் சொல்கிறது என்பது. ஃபோக்ஸ்வேகன் 1955 ஆகஸ்டிலிருந்து மாடல் ஆண்டைக் காலண்டர் ஆண்டிலிருந்து பிரித்துவிட்டது. 1956 மாடல் என்றால் 1955 ஆகஸ்டில் தொடங்கியது. 1964 ஆகஸ்டிலிருந்து அந்த மாடல் ஆண்டே எண்ணுக்குள் வந்துவிட்டது. 115 000 001 என்ற எண்ணில் மூன்றாவது இலக்கமான 5, 1965 மாடலைக் குறிக்கிறது. ஆனால் அந்த வண்டி இறங்கியது 1964-இல். மாடல் ஆண்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஜனவரியிலிருந்து நாள் எண்ணினால் ஐந்து மாதம் தள்ளிப்போகும்.

எண் 1-இல்தான் தொடங்கும் என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். எம்.ஜி. கார்களின் எண்கள் 251-இல் தொடங்கின. காரணம், ஆபிங்டனில் இருந்த தொழிற்சாலையின் தொலைபேசி எண் 251. மோரிஸ் மைனரின் முதல் வண்டி எண் 501. இதெல்லாம் தெரியாமல் "என் வண்டி ஐந்நூத்தி அறுபதாவது வண்டி" என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மோரிஸ் மைனராக இருந்தால் அது அறுபதாவது வண்டி!

இவ்வளவு சொன்னாலும் எண்ணை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வரிசை ஒழுங்காக இருந்தால் எண் எவ்வளவு சொல்லும் என்பதற்கு இரண்டாம் உலகப் போரில் ஒரு சான்று இருக்கிறது. 1942 ஆகஸ்டில் ஜெர்மனி மாதத்துக்கு 1,550 டாங்கிகள் செய்வதாக உளவுத் தகவல் சொன்னது. கைப்பற்றிய டாங்கிகளின் வரிசை எண்களை வைத்துப் புள்ளியியலாளர்கள் போட்ட கணக்கு 327. போருக்குப் பிறகு கிடைத்த ஜெர்மன் ஆவணத்தில் இருந்தது 342. எண்ணுக்கு அப்படி ஒரு பலம் இருக்கிறது. அந்தப் பலம் வெளிப்பட, ஆண்டுத் தொடக்க எண்கள் இரண்டை மட்டும் நம்பாமல் நடுவில் வேறு புள்ளிகளும் வேண்டும். அதே மாடலில் தேதி உறுதியான இரண்டு மூன்று வண்டிகளின் எண்கள் கிடைத்தால், ஒன்று உங்கள் எண்ணுக்குச் சற்று முன்னால், ஒன்று சற்றுப் பின்னால் என்று அமைந்தால், ஆறு மாத இடைவெளி ஒரு மாதமாகச் சுருங்கிவிடும். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற இடங்களில் பழகுவதில் இது ஒரு பெரிய லாபம். ஒரே மாடல் வைத்திருப்பவர்கள் எண்ணையும் தேதியையும் பகிர்ந்துகொண்டால் எல்லோருக்குமே கணக்கு கூர்மையாகும்.

எண்ணூரில் பூட்டிய வண்டிகள்

நம் பகுதிக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்திலேயே சுவையான பகுதியும் இதுதான். 1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டியது. 1950-இல் லேலண்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டு, 1955-இல் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர் போன அந்த ஆலையின் ஆரம்பம் ஒரு கார்தான் என்பதைத் திருவொற்றியூர்க்காரர்களிலேயே பலர் மறந்துவிட்டார்கள்.

இப்படி வந்த வண்டிக்குப் பிறந்த தேதி எது? பாகங்கள் இங்கிலாந்தில் பெட்டிகளில் அடுக்கப்பட்டு, கப்பலேறி, மதராஸ் துறைமுகத்தில் இறங்கி, சுங்கம் முடிந்து, எண்ணூர் போய், அங்கே வரிசைக்காகக் காத்திருந்து, பிறகுதான் காராகின்றன. பிரிட்டிஷ் எண் பட்டியலை வைத்து நீங்கள் கண்டுபிடிப்பது அதிகபட்சம் பெட்டி கட்டிய மாதம். எண்ணூரில் பூட்டி முடித்தது பல வாரமோ சில மாதமோ கழித்து. கப்பல் பாதையும் எப்போதும் ஒரே மாதிரி இருந்ததில்லை. 1956 கடைசியிலிருந்து 1957 ஏப்ரல் வரையும், பிறகு 1967 ஜூன் முதல் 1975 ஜூன் வரையும் சூயஸ் கால்வாய் மூடிக்கிடந்தது. அந்தக் காலங்களில் வந்த சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வர வேண்டும்.

எண் வரிசைப்படி பெட்டி திறந்திருப்பார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. துறைமுகத்தில் கடைசியாக இறங்கிய பெட்டி கிடங்கில் முன்னால் இருந்தால் அதைத்தான் முதலில் உடைப்பார்கள். அதனால் இங்கே பூட்டிய வண்டிக்கு எண் கணக்கில் வரும் மாதத்தைக் கீழ் எல்லையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முதல் பதிவுத் தேதிக்கும் நடுவில்தான் எண்ணூர்த் தேதி இருக்கிறது.

வெளிநாட்டுப் பெட்டி வண்டிகளுக்கு ஒரு மேல் எல்லையும் சரித்திரத்திலேயே கிடைக்கிறது. உள்நாட்டில் தயாரிக்கும் திட்டம் இல்லாமல் வெறும் அசெம்பிளி செய்யும் கம்பெனிகள் தொடரக் கூடாது என்று 1953-இல் டாரிஃப் கமிஷன் பரிந்துரைத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அதையொட்டி இங்கே கடையை மூடின. 'இந்தியாவில் பூட்டிய 57 ஷெவர்லே' என்று யாராவது விற்க வந்தால் இந்த ஒரு தகவலே போதும், நாலு கேள்வி கேட்க.

பாகங்களைப் படிப்பது

நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். எந்த வண்டியும் தன் பாகத்துக்கு முன்னால் பிறக்க முடியாது. கம்பெனி போட்ட பாகங்களில் கடைசித் தேதி எதுவோ, வண்டி அதற்குப் பிறகுதான் பூட்டப்பட்டது.

பிரிட்டிஷ் வண்டிகளில் இதற்கு எலெக்ட்ரிக் பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனி பெரிய உதவி. டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், வைப்பர் மோட்டார் எல்லாவற்றிலும் மாதமும் வருஷமும் அடித்திருப்பார்கள். '3 50' என்றால் 1950 மார்ச். டிரிப்ளெக்ஸ் கண்ணாடியின் முத்திரையில் எழுத்துகளுக்கு மேலும் கீழும் சிறு புள்ளிகள் இருக்கும். எந்த எழுத்தை ஒட்டிப் புள்ளி இருக்கிறது என்பதில் வருஷமும் காலாண்டும் அடங்கியிருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் பிளாக்கில் வார்ப்புத் தேதியே இருக்கும். ஏ முதல் எல் வரை மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு வருஷத்தின் கடைசி இலக்கம். 'சி 14 7' என்றால் மார்ச் 14, 1957 அல்லது 1967. எந்தப் பத்தாண்டு என்பதை எஞ்சினின் வகை சொல்லிவிடும்.

படிப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கடற்காற்று அடிக்கும் ஊரில் உப்பு முதலில் தின்பது இந்த முத்திரைகளைத்தான். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை திறந்த ஷெட்டில் நின்ற வண்டியின் டைனமோ உடம்பு செதில் செதிலாக இருக்கும். எமரி பேப்பரைக் கையில் எடுக்காதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த காட்டன் வேஸ்ட்டால் மூடி, ஒரு ராத்திரி ஊற விட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் ஒரே திசையில் தேய்த்தால் கிரீஸும் தளர்ந்த துருவும் வந்துவிடும். ஈரம் காய்ந்ததும் வெள்ளைச் சாக்கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்து, மேலே இருக்கும் மாவை உள்ளங்கையால் துடையுங்கள். பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கி, '3' எது '8' எது என்று தெரியும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தால் இன்னும் தெளிவு. சேசிஸ் எண்ணுக்கு ஆர்.டி.ஓ. வேலைக்கு எடுக்கும் அதே பென்சில் பிரிண்ட் முறை போதும். அங்கே தேய்த்தெடுக்கவோ ஆழப்படுத்தவோ கூடாது. எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வந்தால் வண்டியின் காகிதமே வீணாகிவிடும்.

இதன் பலவீனம் என்னவென்று வடசென்னையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். எழுபது வருஷத்தில், பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போகாத வண்டி ஏது? "சார், டைனமோல கையே வைக்கல, கம்பெனி ஃபிட்டிங்" என்று வியாசர்பாடியில் மெக்கானிக் அடித்துச் சொல்லலாம். அவருக்குத் தெரிந்தது அவர் கைக்கு வண்டி வந்த பிறகான கதைதான். அதனால் ஒரே ஒரு பாகத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஐந்தாறு பாகம் பாருங்கள். டைனமோ 1950 மார்ச், ஸ்டார்ட்டர் 1950 பிப்ரவரி, டிஸ்ட்ரிபியூட்டர் 1950 மார்ச், வைப்பர் மோட்டார் 1958 என்று வந்தால் வைப்பர் மோட்டார் பின்னால் மாற்றியது என்று தயங்காமல் ஒதுக்கலாம். மூன்று பாகங்கள் ஒன்றோடொன்று பேசிவைத்துக்கொண்டு ஒரே காலத்தைச் சொல்லாது. பாகங்கள் ஆளுக்கொரு வருஷம் சொன்னால் அதுவும் தகவல்தான்: பல வண்டிகளிலிருந்து சேர்த்த வண்டி, விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

கம்பெனி ஆவணச் சான்று

இதைப் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. கிடைக்கிற வண்டிக்கு வாங்குங்கள். இங்கிலாந்தில் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், தன்னிடம் பதிவேடு இருக்கும் ஆஸ்டின், மோரிஸ், எம்.ஜி., டிரையம்ஃப் போன்ற வண்டிகளுக்கு ஹெரிடேஜ் சான்று தருகிறது. ஃபோக்ஸ்வேகனுக்கு வுல்ஃப்ஸ்பர்கில் உள்ள ஆட்டோ மியூசியம் பிறப்புச் சான்று மாதிரி ஒன்று தருகிறது. தயாரான தேதி, அனுப்பிய தேதி, மூல நிறம், எஞ்சின் எண் எல்லாம் ஒரே தாளில் வந்துவிடும். முழுதாகத் தயாராகி இறக்குமதியான வண்டிக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் பெட்டியில் போன வண்டிக்கு இங்கிலாந்துப் பதிவேடு சொல்லக்கூடியது அங்கே நடந்ததை மட்டும்தான். எண்ணூரில் நடந்தது அதில் வராது.

எதைத் தேர்ந்தெடுப்பது

வாங்கலாமா வேண்டாமா என்ற நிலையில் இருப்பவர் ஒரு பகல் ஒதுக்கிப் பாகங்களைப் படிக்கட்டும். செலவு கிடையாது, விற்பவர் எதிரிலேயே செய்யலாம், வண்டி எவ்வளவு கலப்படமானது என்பதும் கூடவே தெரிந்துவிடும். சான்றுக்கு எழுதிக் காத்திருக்க அப்போது நேரமும் இருக்காது, வண்டி உங்கள் பேரிலும் இருக்காது.

வாங்கிவிட்டு மறுசீரமைப்பில் இறங்குகிறவர், முழுதாக இறக்குமதியான வண்டி என்றால் சான்றுக்கு எழுதிவிட்டுத்தான் டிங்கரிங் வேலையை ஆரம்பிக்க வேண்டும். நிறத்துக்கும் உள்வேலைக்கும் லட்சங்கள் போகப்போகிறது, அதற்கு முன் ஒரு தாளுக்குச் செலவழிப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். சான்று கிடைக்காத மாடல் என்றால் எண் கணக்கும் பாகங்களும் சேர்ந்துதான் விடை தரும். இரண்டும் ஒரே காலாண்டுக்குள் விழுந்தால் நிம்மதியாக வேலையைத் தொடங்கலாம். விழவில்லை என்றால் நான் பாகங்களின் பக்கம்தான் நிற்பேன். எண் பட்டியல் ஆண்டின் வேகத்தை யூகிக்கிறது. முத்திரை யூகிப்பதில்லை.

எண்ணூர் வண்டிக்கு ஒற்றைத் தேதி எழுதாதீர்கள். பாகங்களில் கடைசித் தேதி 1950 மார்ச், எண் கணக்கு 1950 ஏப்ரல் முதல் ஜூன் வரை, முதல் பதிவு 1952 ஜனவரி என்றால், 'இங்கிலாந்தில் 1950 இரண்டாம் காலாண்டில் பெட்டி கட்டியது, எண்ணூரில் அதற்குப் பின் 1952 ஜனவரிக்குள் பூட்டியது' என்று எழுதி வையுங்கள். நீளமாக இருந்தாலும் அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆதாரம் இருக்கிறது. இடைவெளியைக் குறைக்க வேண்டுமானால் முதல் உரிமையாளரின் குடும்பத்தில் பழைய டெலிவரி ரசீது, இன்ஷூரன்ஸ் தாள், தேதி எழுதிய போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். பீரோ அடியில் இப்படிப்பட்ட காகிதங்கள் நிறைய வீடுகளில் கிடக்கின்றன.

வண்டி பெயிண்ட் கடைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கண்ணாடி முத்திரைகள், எலெக்ட்ரிக் பாகங்களின் தேதிகள், சேசிஸ் தகடு, எஞ்சின் எண் எல்லாவற்றையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, எந்தப் பாகம் என்று பேர் போட்டு இரண்டு இடத்தில் சேமித்துவிடுங்கள். மணல் அடித்துச் சுத்தம் செய்பவருக்கு '3 50' என்பதும் ஒரு துருப் புள்ளிதான்.